விடுதலையான அன்று ராத்திரி எங்கே படுப்பது?

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், வக்கீல் நண்பர் ஒருவரோடு ஒரு சிறை வாசலில் மூன்று மணி நேரம் நின்றிருந்தேன். அவருடைய கட்சிக்காரருக்குப் பெயில் ஆர்டர் மதியமே வந்துவிட்டது, ஆள் வெளியே வர ராத்திரி ஏழரை ஆனது. இது வழக்கம்தான் என்றார். அன்றைக்கு வெளியே வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும். அநேகம் பேருக்கு யாராவது வந்திருந்தார்கள்: அம்மா, மச்சான், பைக்கில் இரண்டு நண்பர்கள். ஒரு பையனுக்கு மட்டும் யாருமில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஒரு லுங்கி, மடித்த காகிதங்கள், சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்த ஒரு செல்போன். நண்பர் அவனுடைய காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கண்டிஷன் பெயில். சொந்த ஊருக்குள் போகக் கூடாது, வேறொரு ஊரில் தங்கி, மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "அந்த ஊர்ல உனக்கு யாருப்பா இருக்கா?" என்று கேட்டார். "யாருமில்ல சார்" என்றவன், என் பக்கம் திரும்பி, "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல படுத்தா போலீஸ் எழுப்புவாங்களா?" என்றான்.

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பல நாடுகளில் சிறைக்கும் வீட்டுக்கும் நடுவில், சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவில், கொஞ்ச காலம் தங்க ஒரு வீட்டை ஏற்பாடு செய்து வைக்கிறார்கள். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'பாதிவழி இல்லம்' என்று சிலர் எழுதுகிறார்கள், கேட்கும்போதே நடுவழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது. இடைத்தங்கல் வீடு என்று வைத்துக்கொள்வோம். இதைப் பற்றி நடக்கும் பேச்செல்லாம் கவுன்சலிங், தொழிற்பயிற்சி, யோகா என்றே போகிறது. எனக்குத் தெரிந்தவரை இந்த வீடுகள் நிற்பதும் விழுவதும் வாடகை, அட்வான்ஸ், எத்தனை பேர், எந்தத் தெரு, சாவி யார் கையில், தப்பு செய்தவனை யார் வெளியே அனுப்புவது போன்ற சில்லறை விஷயங்களில்தான். அந்தச் சில்லறையைத்தான் இங்கே எண்ணிப் பார்க்கப் போகிறேன்.

முதலில், ஏன் இவ்வளவு அவசரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 ஜூலை முதல் 2003 கடைசி வரை சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் வாய்ப்பு, அதே மாநிலத்தின் மற்ற மக்களைவிட 12.7 மடங்கு அதிகம். போதை மருந்து அளவு மீறிச் சாகும் வாய்ப்பை மட்டும் எடுத்தால் 129 மடங்கு. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. உள்ளே இருந்த மாதங்களில் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், தாங்கும் சக்தி குறைந்திருக்கும். வெளியே வந்தவன் பழைய நினைப்பில் பழைய அளவையே எடுப்பான், உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. ஆக, இடைத்தங்கல் வீட்டுக்குத் திட்டம் போடுகிறவர் ஆறு மாதப் பாடத்திட்டத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம், முதல் பதினாலு ராத்திரிக்குப் பாயும் ஆளும் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். விடுதலைக்கு முன்பே திட்டமிட வேண்டும், ஆறு மாதத்துக்கு முன்பே வீடு பார்க்க வேண்டும், ஆதார், வங்கிக் கணக்கெல்லாம் சரி செய்ய வேண்டும் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வது தண்டனைக் கைதிக்குப் பொருந்தும், அவருக்கு ஒரு தேதி இருக்கிறது. விசாரணைக் கைதிக்கு என்ன தேதி? இன்று மதியம் பெயில் கிடைத்தால் இன்று ராத்திரி அவர் வெளியே. கிடைத்தும் பணம் கட்ட முடியாமல், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைச் சொன்னது: பெயில் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது, விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை. நல்ல திட்டம்தான். ஆனால் இரண்டுமே ஆளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவருவதோடு முடிந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் ஒரு சின்ன விஷயத்துக்குச் சட்டமே போட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுதலையாகிறவன் நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்துக்குப் போய், மருந்துச் சீட்டு வாங்குவதற்குள் எல்லா ஆபீஸும் மூடிவிடும், அப்புறம் திங்கட்கிழமைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெருவில். 2023இல் வந்த சட்டம், அப்படிப்பட்டவர்களை இரண்டு வேலை நாள் வரை முன்கூட்டியே விடலாம் என்கிறது. அவ்வளவுதான் மாற்றம். கட்டடம் கட்டவில்லை, ஆள் எடுக்கவில்லை, காலண்டரைப் பார்த்தார்கள். அதற்கு முன்பே 2021இல் தொடங்கிய இன்னொரு ஏற்பாடும் அங்கே உண்டு, போக்கிடம் இல்லாமல் வெளியே வருகிறவருக்கு 84 ராத்திரி வரை தங்க இடம். அந்த எண் எனக்குப் பிடிக்கிறது. வருஷம், மாதம் என்று சொல்லாமல் ராத்திரியாக எண்ணியிருக்கிறார்கள்.

சரி, வாசலில் பார்த்த அந்தப் பையனுக்கு ஒரு வீடு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 10.30க்குக் கையெழுத்து. போய், வரிசையில் நின்று, ஏட்டு வந்து, நோட்டை எடுத்து, கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பதினொன்றரை, பன்னிரண்டு ஆகும். எந்த மேஸ்திரி பன்னிரண்டு மணிக்குச் சித்தாளை வேலைக்கு எடுப்பார்? கொத்து வேலை, பெயின்ட் வேலை, லோடு ஏற்றுவது எல்லாம் காலை எட்டு, ஒன்பதுக்குள் ஆள் சேர்ந்துவிடும். அவனுக்கு மிச்சமிருப்பது சாயங்கால வேலை: ஓட்டலில் தட்டு கழுவுவது, பரோட்டா மாஸ்டருக்கு மாவு பிசைவது, மண்டபத்தில் பந்தி. ஓட்டல் வேலை முடிந்து வர ராத்திரி பன்னிரண்டரை. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டும் இல்லத்தில் இவன் எப்படி இருப்பான்? இப்படித்தான் ஒவ்வொரு விதியும் இன்னொன்றின் மேல் இடிக்கும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கான வீடு என்றால் காவல் நிலையம், கோர்ட்டு, பஸ் வசதி, வேலை நேரம் நான்கையும் ஒரே காகிதத்தில் போட்டுப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டரில் மலிவாக நிலம் கிடைக்கிறது என்று அங்கே கட்டினால் அது இன்னொரு சிறை. கம்பி மட்டும் இருக்காது.

குடியிலிருந்து மீள்கிறவர்களின் கதை வேறு மாதிரி. என் பெரியப்பா மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர், மூன்று தடவை போதை மீட்பு மையத்துக்குப் போய் வந்தார். முதல் தடவை முப்பது நாள். நன்றாகத் தேறி, முகமெல்லாம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்து வந்தார். அவருடைய வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் வழியில் மதுக்கடை. கடையைக்கூட விடுங்கள், அதன் பக்கத்திலிருந்த பெட்டிக்கடையில் அவருக்குக் கணக்கு இருந்தது, தண்ணி பாக்கெட்டும் ஊறுகாயும் வாங்கிய பாக்கி. அந்தப் பாக்கியைக் கொடுக்கப் போன நாளில்தான் மறுபடி ஆரம்பித்தார். அண்ணி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "முப்பது நாள் அவரை நல்லாத்தான் வச்சிருந்தாங்க. இந்தத் தெருவை யாரு நல்லாக்குவாங்க?" இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் விவரங்கள் மாறின, தெரு மாறவில்லை. வீட்டிலும் நிம்மதியில்லை. பத்து வருஷம் பொய்யே கேட்டுப் பழகிய குடும்பம் திடீரென்று நம்பிவிடுமா? பாத்ரூமில் ஐந்து நிமிஷம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுவார்கள். சிகிச்சை முடிந்தவருக்கு முதல் ஆறு மாதம் சொந்த வீடே கஷ்டமான இடம் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும்.

இதே இடத்திலிருந்து 1975இல் அமெரிக்காவில் ஒரு விஷயம் தொடங்கியது. மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில், குடியிலிருந்து மீள்கிறவர்களுக்காக உள்ளூர் அரசு ஒரு வீடு நடத்திக்கொண்டிருந்தது. காசில்லை, மூடப் போகிறோம் என்றார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர் பால் மொல்லாய், செனட்டில் வேலை பார்த்த வக்கீல், குடியால் வேலையையும் குடும்பத்தையும் இழந்து வந்தவர். மூடுவதற்குப் பதிலாக நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அவரும் உடனிருந்தவர்களும் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். மேனேஜர் கிடையாது, வார்டன் கிடையாது, சமையல்காரர் கிடையாது. முன்பு வீட்டை நிர்வகித்த சம்பள ஆட்கள் போனதும் செலவு எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டபோதுதான் அவர்களுக்கே நம்பிக்கை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனைகள் மூன்றே மூன்று. வீட்டை ஓட்டுப் போட்டு நடத்த வேண்டும், தலைவர், பொருளாளர் எல்லாரும் தங்கியிருப்பவர்களே, ஒருவரே ரொம்ப நாள் பதவியில் ஒட்டிக்கொள்ளவும் முடியாது. செலவை அவரவர் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். குடித்தால், போதை எடுத்தால், அன்றைக்கே வெளியே. இவ்வளவு நாள்தான் தங்கலாம் என்ற கெடு மட்டும் கிடையாது, ஏனென்றால் பழைய வீட்டில் ஆறு மாதக் கெடு முடிந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் மறுபடி குடியில் விழுந்ததை இவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் போதை ஒழிப்புச் சட்டத்தில் இந்த மாதிரியை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு மாநிலமும் ஒரு லட்சம் டாலர் சுழல் நிதி வைத்து, ஆறு பேர் சேர்ந்து வீடு எடுத்தால் 4,000 டாலர் வரை கடன் கொடுக்க வேண்டும், இரண்டு வருஷத்தில் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. மானியம் இல்லை, கடன். திரும்பி வந்த பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். இன்றைக்கு அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்ஸ்ஃபோர்ட் வீடுகள் இருக்கின்றன. எல்லாமே சாதாரணத் தெருவில் இருக்கும் சாதாரண வாடகை வீடுகள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஜேசனின் குழு சோதித்துப் பார்த்தது. சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஆக்ஸ்ஃபோர்ட் வீட்டுக்கும் பாதிப் பேரை வழக்கமான ஏற்பாட்டுக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்து, வீட்டில் சேர்ந்தவர்களில் 31.3 சதவீதம் பேர் மறுபடி குடித்தோ போதை எடுத்தோ இருந்தார்கள், மற்றவர்களில் 64.8 சதவீதம். மாத வருமானம் இவர்களுக்குச் சராசரியாக 989 டாலர், அவர்களுக்கு 440. சிறைக்குப் போனது 3 சதவீதம், 9 சதவீதம். 2006இல் வெளிவந்த முடிவுகள் இவை. 150 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் டாக்டர், கவுன்சலர் என்று யாருமில்லாத ஒரு வாடகை வீடு இவ்வளவு செய்கிறது என்றால், மருந்தைப் போல அறைவாசிகளும் வேலை செய்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. காலையில் ஒருவன் எழுந்து வேலைக்குப் போகிறான், பக்கத்துப் பாயில் இருப்பவனும் எழுந்துகொள்கிறான். வெள்ளிக்கிழமை பங்குப் பணம் கேட்கிறார்கள், பணம் கையில் இருந்தாக வேண்டும்.

அடுத்தது தெரு. அக்கம்பக்கத்தவர் எதிர்ப்பு எல்லா ஊரிலும் உண்டு, அமெரிக்காவில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. சியாட்டிலுக்குப் பக்கத்தில் எட்மண்ட்ஸ் என்று ஒரு நகரம். அங்கே குடும்பங்கள் மட்டும் வசிக்கும் பகுதியில் ஆக்ஸ்ஃபோர்ட் வீடு ஒன்று வந்தது, பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் வீடு. நகராட்சி தன் விதியைக் காட்டியது: ரத்த உறவு, தத்து, கல்யாணம் என்று சொந்தம் இருந்தால் எத்தனை பேரும் ஒரு வீட்டில் இருக்கலாம், சொந்தமில்லாதவர்கள் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் 1988 திருத்தத்துக்குப் பிறகு, போதையிலிருந்து மீண்டு வருகிறவரையும் மாற்றுத்திறனாளிகளைப் போல பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கிறது, இப்போதும் போதை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று நிர்ணயிக்கும் விதிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, எங்கள் விதியும் அதுதான் என்றது நகராட்சி. 1995 மே மாதம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நீதிபதி கின்ஸ்பர்க் எழுதியதன் சாரம்: சொந்தக்காரர்கள் என்றால் எத்தனை பேரும் இருக்கலாம் என்கிற விதி, கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதி ஆகாது, யார் குடும்பம் என்று வரையறுக்கும் விதி அது, ஆகவே விலக்கு கிடையாது. அதற்கு மேல் அந்த விதி பாகுபாடா இல்லையா என்பதை உச்ச நீதிமன்றம் முடிவு செய்யவில்லை, கீழ் நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டது.

தனியார் வாடகையில் இப்படிப் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. பேச்சிலர் என்றாலே வீடு கொடுக்காத ஊரில் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் நம்மிடமும் பயன்படக்கூடிய ஒரு சட்டம் இருக்கிறது, அதை இந்தக் கோணத்தில் படிப்பவர்கள் குறைவு. 2017ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அதன் 19ஆம் பிரிவு, அப்படிப்பட்டவர்களைச் சமூகத்திலிருந்து ஒதுக்கி வைக்கக் கூடாது, கடுமையான கண்காணிப்புள்ள நிலையம் இனி தேவைப்படாதவர்களுக்கு அரசு இடைத்தங்கல் இல்லங்களும் குழு வீடுகளும் ஏற்படுத்த வேண்டும், அல்லது அவற்றை ஆதரிக்க வேண்டும் என்கிறது. 'நியாயமான கால அளவுக்குள்' என்று ஒரு சொல்லும் போட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு எட்டு வயது தாண்டிவிட்டது.

இதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனநல நிலையம் என்றால் பதிவு செய்ய வேண்டும், ஆய்வு, ஆவணம், ஆட்கள் என்று நீண்ட பட்டியல் வரும். எது நிலையம் ஆகாது? நோயர் தன் உறவினர்களோடு அல்லது நண்பர்களோடு வசிக்கும் குடும்ப வசிப்பிடம். எட்மண்ட்ஸில் 'குடும்பம்' என்ற சொல்லில் மாட்டிய விஷயம் இங்கே 'நண்பர்கள்' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. குடியை விட்ட ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்தால் அவர்கள் நண்பர்களா, நிலையமா? சிகிச்சை கொடுக்கவில்லை, யாரையும் பூட்டி வைக்கவில்லை, ஆளுக்கொரு சாவி என்றால் அது வீடு என்பதுதான் என் வாசிப்பு. பூட்டி வைத்து அடித்து நடத்தும் 'மறுவாழ்வு மையங்கள்' மேல் பதிவுச் சட்டம் எவ்வளவு இறுக்கமாக விழுந்தாலும் எனக்குச் சந்தோஷமே. அதே இறுக்கம் இந்த ஆறு பேர் மேல் விழுந்தால் வீடு ஒரு மாதம் தாங்காது. அரசு ஒரு பக்கத்தில் இதைத் தெளிவுபடுத்தி எழுதிவிடலாம்.

வாடகை வீட்டு மாதிரி தமிழ்நாட்டில் நடக்காது என்று சொல்கிறவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் கிடந்த மனநலம் பாதித்த பெண்களை முதலில் பெரிய இல்லத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டது. அப்புறம் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள், நாலைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடித்தனம், தேவையான அளவுக்கு உதவியாளர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில் உலகின் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. வருஷக்கணக்கில் வார்டில் இருந்தவர்கள் காய்கறிக்காரரோடு பேரம் பேசி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும் அளவுக்கு வர முடியும் என்றால், முப்பது வயதுப் பெயின்டருக்கு ஏன் முடியாது?

முடியாததற்குக் காரணம் நம்முடைய கட்டட ஆசை. எந்தத் திட்டமும் நம் கையில் கிடைத்தால் நூறு படுக்கை, இரண்டு மாடி, முகப்பில் பளபளவென்று பெயர்ப்பலகை, ரிப்பன் வெட்ட ஒரு அமைச்சர் என்று ஆகிவிடும். வாடகைக்கு எடுத்த ஆறு பேர் வீட்டில் கல்வெட்டை எங்கே பதிப்பது? வீடற்றோர் காப்பகங்களை ஒரு லட்சம் பேருக்கு ஒன்று, குறைந்தது நூறு பேருக்கு, ஆளுக்கு 50 சதுர அடி என்று தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் அளந்து வைத்தது. ராத்திரி தெருவில் படுக்கிறவருக்கு அது உயிர் காக்கும் கூரை, குறை சொல்லவில்லை. ஆனால் நூறு பேர் படுக்கும் ஹாலில் நேற்றுக் குடியை விட்டவனை இன்றும் குடிக்கிறவன் பக்கத்தில் படுக்க வைத்தால் என்ன ஆகும்? அப்புறம், நூறு பேர் இருந்தால் வாசலில் காவலாளி வேண்டும், காவலாளி இருந்தால் பதிவேடு வேண்டும், பதிவேடு இருந்தால் ஒன்பது மணிப் பூட்டு வேண்டும். தெருக்காரர்களும் ஆறு பேரைக் கவனிக்கக்கூட மாட்டார்கள், நூறு பேர் என்றால் மனு எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போவார்கள், அதில் நியாயமும் இருக்கும்.

பணத்துக்கு வருவோம். சென்னைப் புறநகரில் மூன்று ரூம் உள்ள ஒரு போர்ஷன், மாதம் 21,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம், ஆறு பேர், ஆளுக்கு 3,500. அட்வான்ஸ்தான் முதல் சுவர். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சரி என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது, அதனால்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடிருக்கிறது. நல்ல ஓனராகப் பார்த்து மூன்று மாதத்துக்குப் பேசி முடித்தால் 63,000, பாய், பாத்திரம், கேஸ் அடுப்பு, ஃபேன் எல்லாம் சேர்த்து 27,000, மொத்தம் 90,000 ரூபாய். அமெரிக்காவில் செய்த மாதிரி சுழல் கடனாகக் கொடுத்து 24 மாதத்தில் வாங்கினால் மாதம் 3,750, ஆளுக்கு 625. கூலி வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் சம்பளத்துக்குள் வரும். அட, இவ்வளவுதானா என்று தோன்றும்.

ஓட்டை எங்கே விழும் என்றால், காலி இடத்தில். ஆறில் இரண்டு பேர் கிளம்பிவிட்டால் மிச்ச நாலு பேர் தலைக்கு 5,250 வாடகை கட்ட வேண்டும், இரண்டு மாதம் இப்படிப் போனால் மூன்றாவது ஆளும் கிளம்புவான். இன்னொன்று, சிறையிலிருந்து நேராக வருகிறவனிடம் முதல் மாதம் கையில் எதுவும் இருக்காது. அமெரிக்க மாதிரியின் பலவீனமே இதுதான், அது சம்பாதிக்கத் தயாரானவனுக்கு ஏற்ற வீடு. அதனால் அரசு செய்ய வேண்டியது என்று என்னைக் கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு படுக்கைக்கு மட்டும் வருஷம் முழுக்க, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாடகை கொடுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெயில் கிடைத்து ராத்திரி ஏழரைக்கு வருகிறவனுக்கு அந்த இடம். ஆறு வாரம் கழித்து அவனே பங்கு கட்டலாம், முடியாவிட்டால் வேறு ஏற்பாடு. யார் அந்த அரசு என்பதுதான் விடுகதை. சிறை உள்துறையிடம், மனநலம் சுகாதாரத் துறையிடம், போதை மீட்பு மையங்களுக்கான மானியம் மத்திய சமூக நீதி அமைச்சகத்திடமிருந்து, காப்பகம் நகராட்சியிடம். கேட்டுக்கு வெளியே நிற்கிறவன் இந்த நாலு பேருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

சிங்கப்பூரில் இதை வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள். தண்டனையின் கடைசிப் பகுதியையே இடைத்தங்கல் இல்லத்தில் கழிக்க அனுப்புகிறார்கள், பகலில் வேலை, ராத்திரி இல்லம். ஆள் இன்னும் சிறைத் துறையின் பொறுப்பில் இருப்பதால் படுக்கை இல்லை என்ற பேச்சே வராது. அங்கே தமிழர்கள் அதிகம் போகும் இல்லமாக, இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் ஒன்று இருக்கிறது. சுதந்திரம் குறைவு, விதிகள் அதிகம், எனக்கு எல்லாம் உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோயில் நிர்வாகத்தோடு தொடர்புள்ள ஓர் அமைப்பு போதையிலிருந்து வருகிறவனுக்குப் படுக்கை போடுவதை, நம் ஊர்க் கோயில் கமிட்டிகள் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமான முடிவு, குடித்துவிட்டு வருகிறவனை என்ன செய்வது என்பது. ஆக்ஸ்ஃபோர்ட் வீட்டில் அன்றைக்கே வெளியே. இரக்கமில்லாதது போலத் தெரியும், ஆனால் ஒருவன் ஹாலில் உட்கார்ந்து குடித்தால் மற்ற ஐந்து பேரும் அன்றைக்கு ராத்திரி தூங்க மாட்டார்கள். நேர் எதிர்ப் பக்கம், 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கியது: முதலில் வீடு, குடியை விடுவதெல்லாம் பிறகு, விடாவிட்டாலும் வீடு உண்டு. தெருவில் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன், ஆனால் அதற்குத் தனித்தனி வீடு வேண்டும். இரண்டு வகையும் ஒரு நகரத்துக்கு வேண்டும், இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே போடக் கூடாது. வெளியே அனுப்பும் விதி இருந்தால், அனுப்பப்படுகிறவன் அந்த ராத்திரி எங்கே போவான் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், ஒரு காப்பகத்தின் பெயர், ஒரு ஆஸ்பத்திரியின் பெயர், கூடப் போக ஒரு ஆள். திரும்பி வர எத்தனை நாள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சிறையிலிருந்து வரும் ஆணை அம்மா அழுதுகொண்டே கூட்டிப்போவாள், பெண்ணைப் பல வீடுகளில் வாசலுக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகள் யார் வீட்டிலோ இருப்பார்கள், அவர்களைத் திரும்ப வாங்க அவளுக்கு ஒரு முகவரி வேண்டும். ஆறு பாய் போட்ட ஆண்கள் போர்ஷனின் கணக்கு அங்கே உதவாது, தாயும் பிள்ளையும் இருக்க அறை வேண்டும், பள்ளிக்கூடம் பக்கத்தில் வேண்டும், வாடகைப் பங்கு கட்ட இன்னும் அதிக நாள் கொடுக்க வேண்டும்.

அண்ணனிடம் வருகிறேன். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவர் தெருவுக்குத் திரும்பவில்லை. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்கில் பழக்கமான மூன்று பேரோடு சேர்ந்து குரோம்பேட்டைப் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தார், 14,000 வாடகை, ஆளுக்கு 3,500. ஆக்ஸ்ஃபோர்ட் என்ற பேரே அவர்களுக்குத் தெரியாது. ஓனரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள், தெருவுக்குச் சொல்லவில்லை. அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி பிள்ளைகளோடு வந்து சமைத்துவிட்டுப் போவார். ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. போன மாதம் நாலு பேரில் ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட்டார், அதனால் இந்த மாதம் ஆளுக்கு 4,667 ரூபாய். புதிதாக ஒருவர் கேட்டு வந்திருக்கிறார், ஏடிஎம் வாசலில் நைட் ஷிப்ட் செக்யூரிட்டி, குடியை விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்று வாரம் போதாது என்கிறார் ஒருவர். பகலில் தூங்குகிறவர் இருந்தால் டிவி போட முடியாது என்பது இன்னொருவரின் பிரச்சினை. அண்ணன் அவரிடம் கேட்டது ஒன்றுதான், சம்பளம் எத்தனாம் தேதி வரும் என்று. ஏழாம் தேதி என்றாராம். ஓனருக்கு ஐந்தாம் தேதி கொடுக்க வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து பேசி முடிவெடுக்கப் போகிறார்கள்.